ஆஸ்கர் பட்டியலில் பெயர் வந்த நடிகைக்கு அடுத்த படம் ஏன் வரவில்லை?

1955 மார்ச் 30 அன்று நடந்த ஆஸ்கர் விழாவில், சிறந்த நடிகைக்கான பட்டியலில் ஐந்து பெயர்கள் இருந்தன: கிரேஸ் கெல்லி, ஜூடி கார்லண்ட், ஆட்ரி ஹெப்பர்ன், ஜேன் வைமன், டோரதி டாண்ட்ரிட்ஜ். விருது கிரேஸ் கெல்லிக்குப் போனது. ஆனால் அந்தப் பட்டியல் வரலாற்றில் நிற்பதற்குக் காரணம் ஐந்தாவது பெயர். முதன்மை நடிகைக்கான பிரிவில் ஒரு கறுப்பினப் பெண்ணின் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு இந்த ஐந்து பேருக்கும் என்ன ஆனது? கெல்லிக்கு 1956இல் இரண்டு படங்கள் வந்தன. மொனாகோ இளவரசரை மணந்து அவராகவே திரையை விட்டு விலகினார். ஹெப்பர்ன் அதே ஆண்டில் டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலின் நாயகி நடாஷாவாக நடித்தார். வைமன் 1955இலேயே ராக் ஹட்சனுடன் மறுபடி ஜோடி சேர்ந்துவிட்டார். கார்லண்டுக்கு நீண்ட இடைவெளி விழுந்தது, அது அவருக்கும் ஸ்டூடியோக்களுக்கும் இடையிலான தனிக்கதை. டாண்ட்ரிட்ஜுக்கு அப்போது 32 வயது. லைஃப் இதழின் அட்டையில் வந்தவர். ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தமும் போட்டிருந்தார். ஆனாலும் அவருடைய அடுத்த படம் திரைக்கு வந்தது 1957 ஜூனில்தான்.

இந்த வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதை ஒரு சோகக் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அழகி, தோற்றுப்போன இரண்டு திருமணங்கள், கடன், மாத்திரை, 42 வயதில் மரணம். தகவல்கள் எல்லாம் சரிதான். ஆனால் அப்படிச் சொல்லும்போது, அவர் வீழ்ந்ததற்கு அவருடைய மனமும் தலையெழுத்துமே காரணம் என்று ஆகிவிடுகிறது. எனக்கு அது ஏற்கத்தக்கதாகப் படவில்லை. அவருடைய திரைவாழ்க்கை எந்த இடத்தில் நின்றதோ, அந்த இடத்தில் எழுத்தில் இருந்த ஒரு விதியும் அதற்குப் பின்னால் ஒரு வியாபாரக் கணக்கும் இருந்தன. அவற்றைப் பார்க்காமல் இந்த நடிகையைப் பற்றிப் பேசுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

டோரதி பிறந்தது 1922 நவம்பர் 9, ஒஹாயோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில். அவர் பிறப்பதற்கு முன்பே பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். தாய் ரூபி டாண்ட்ரிட்ஜ் மேடையேறும் ஆசை கொண்டவர். டோரதியையும் மூத்தவள் விவியனையும் சிறு வயதிலேயே 'வொண்டர் சில்ட்ரன்' என்ற பெயரில் ஆட்டமும் பாட்டுமாக மேடையேற்றினார். தென் மாநிலங்களின் கறுப்பினத் தேவாலயங்கள்தான் பெரும்பாலும் அவர்களுடைய மேடை. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பயிற்சி கொடுத்தவர் ரூபியோடு சேர்ந்து வாழ்ந்த ஜெனீவா வில்லியம்ஸ். அடித்தே பழக்கினார் என்று பின்னாளில் டோரதி சொல்லியிருக்கிறார்.

1930ஐ ஒட்டிக் குடும்பம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தது. ரூபிக்கு வானொலியிலும் சினிமாவிலும் வேலை கிடைத்தது. கிடைத்த வேடங்கள் பெரும்பாலும் வேலைக்காரி வேடங்கள். வீட்டிலேயே ஒரு நடிகை இருந்தார், அவர் எவ்வளவு உயரம் போக முடியும் என்பதும் அங்கேயே தெரிந்தது. டோரதி பிற்காலத்தில் வேடங்களைத் தேர்ந்தெடுத்த விதத்தை இதை வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. கைகட்டி நிற்கும் பாத்திரங்களைக் கண்டால் அவர் ஒதுங்கினார்.

பதின்ம வயதில் விவியனும் டோரதியும் எட்டா ஜோன்ஸ் என்ற தோழியும் சேர்ந்து 'டாண்ட்ரிட்ஜ் சிஸ்டர்ஸ்' ஆனார்கள். 1938இல் நியூயார்க்கின் காட்டன் கிளப் வரை போனார்கள். அங்கே சந்தித்தவர் நடனக் கலைஞர் ஹெரால்ட் நிக்கலஸ். 1941இல் வந்த 'சன் வேலி செரினேட்' படத்தில் நிக்கலஸ் சகோதரர்களுடன் டோரதி ஆடும் பாடல் காட்சியை இன்றைக்கும் பார்க்கலாம். துள்ளலும் சிரிப்புமாக ஓடும் சில நிமிடங்கள். ஆனால் கதைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அந்தக் காட்சியை வெட்டி எடுத்தாலும் படம் அப்படியே நகரும். அது தற்செயல் இல்லை, பின்னால் வருகிறேன்.

1942இல் ஹெரால்டுடன் திருமணம். மறு ஆண்டு மகள் பிறந்தாள். குழந்தைக்கு மூளையில் பாதிப்பு. பேச்சு வரவில்லை, வாழ்நாள் முழுதும் பராமரிப்பு தேவைப்பட்டது. திருமணம் 1951இல் முறிந்தது. மகளைத் தனியார் பராமரிப்பில் வைத்துப் பார்த்துக்கொள்ள மாதாமாதம் பணம் வேண்டும். இந்தச் செலவு அவருடைய தொழில் முடிவுகள் பலவற்றுக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது.

சினிமாவில் வேடம் இல்லாத ஆண்டுகளில் அவருக்குச் சோறு போட்டது நைட் கிளப் மேடை. பியானோ கலைஞர் ஃபில் மூர் அவருடைய பாட்டையும் மேடை நடையையும் செதுக்கினார். ஹாலிவுட்டின் மொக்காம்போ, நியூயார்க்கின் லா வி ஆன் ரோஸ் என்று பெரிய இடங்களில் கூட்டம் சேர்ந்தது. ஆனால் அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. குடித்துக்கொண்டே பார்க்கும் கூட்டத்தின் முன் நிற்பது அவருக்குக் கூச்சத்தையும் பயத்தையும் தந்தது. அதே காலத்தில் லாஸ் வேகாஸ் போன்ற ஊர்களில் கறுப்பினக் கலைஞர் ஓட்டல் மேடையில் பாடலாம், அதே ஓட்டலில் அறை எடுத்துத் தங்க முடியாது. அவருடைய ஆசையெல்லாம் நடிப்பின் மேல்தான் இருந்தது.

முதல் நாயகி வேடம் 1953இல் எம்ஜிஎம் எடுத்த 'பிரைட் ரோடு'. அலபாமாவின் ஒரு கிராமப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியை. பள்ளித் தலைமையாசிரியராக ஹாரி பெலஃபான்டே, அவருக்கு இதுதான் முதல் படம். சின்னப் படம், பெரிதாக ஓடவில்லை. ஆனால் டாண்ட்ரிட்ஜ் எவ்வளவு அடக்கமாக நடிக்கத் தெரிந்தவர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. படிப்பில் அக்கறை இல்லாத ஒரு சிறுவனைக் குரலே உயர்த்தாமல் கவனிக்கும் அந்த ஆசிரியையைப் பார்த்தவர்களுக்கு, மறு ஆண்டு வந்த கார்மெனும் இவரேதான் என்பது நம்ப முடியாததாக இருந்திருக்கும்.

'கார்மென் ஜோன்ஸ்' பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் 'கார்மென்' ஓபராவை (பாடியே நடிக்கும் இசை நாடகம்) ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவுக்கு மாற்றி எழுதிய மேடை நாடகம். 1943இல் பிராட்வேயில் வந்தது. சுருட்டுத் தொழிற்சாலை பாராசூட் தொழிற்சாலை ஆனது, காளைச் சண்டை வீரன் குத்துச்சண்டை வீரன் ஆனான். முழுக்கக் கறுப்பின நடிகர்கள். அதைப் படமாக்கிய இயக்குநர் ஓட்டோ பிரெமிங்கர் டாண்ட்ரிட்ஜை முதலில் கார்மெனுக்குப் பார்க்கவே இல்லை. இவ்வளவு நாகரிகமான பெண்ணுக்கு அடக்கமான சிண்டி லூ வேடம்தான் பொருந்தும் என்று நினைத்தார். டாண்ட்ரிட்ஜ் விடவில்லை. தலையைக் கலைத்து, இறுக்கமான பாவாடை மாட்டி, நடையையே மாற்றிக்கொண்டு மறுபடி அவர் முன் போய் நின்றார். வேடம் கிடைத்தது.

படத்தில் அவர் கேண்டீனுக்குள் நுழையும் காட்சி புகழ்பெற்றது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஜோ என்ற படைவீரன் (பெலஃபான்டே) அவரைக் கைதியாக ஜீப்பில் கூட்டிப்போகும் காட்சி. கைதி அவர்தான், ஆனால் வண்டி யார் கையில் இருக்கிறது என்பது இரண்டு நிமிடத்தில் நமக்குத் தெரிந்துவிடும். உட்காரும் விதத்திலும் பார்க்கும் விதத்திலும் அதைச் செய்துகாட்டுகிறார். ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது: பாடியே பிழைத்த இந்தப் பெண்ணுக்குப் படத்தில் பாட்டுக் குரல் கொடுத்தவர் வேறொருவர், அப்போது 20 வயதான மெரிலின் ஹார்ன். ஓபரா சுருதிக்கு டாண்ட்ரிட்ஜின் குரல் போகாது என்பது காரணம். ஐந்து ஆண்டு கழித்து 'போர்கி அண்ட் பெஸ்' படத்திலும் அதேதான், அங்கே குரல் அடீல் அடிசனுடையது.

படம் 1954 அக்டோபரில் வெளியாகி நன்றாக ஓடியது. ஆஸ்கர் பட்டியலில் பெயர் வந்தது. ஃபாக்ஸ் தலைவர் டாரில் ஸானுக் மூன்று படங்களுக்கு ஒப்பந்தம் கொடுத்தார். படத்துக்கு 75,000 டாலரில் தொடங்கும் சம்பளம். ஒரு கறுப்பின நடிகைக்கு அந்தக் காலத்தில் அபூர்வமான தொகை. சரி, இத்தனையும் கைக்கு வந்த பிறகு என்ன தடை?

1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கறாராக நடைமுறைக்கு வந்த தயாரிப்பு விதித்தொகுப்பு ஹாலிவுட்டில் இருந்தது. அரசாங்கச் சட்டம் அல்ல, ஸ்டூடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட தணிக்கை. ஆனால் அதன் முத்திரை இல்லாமல் பெரிய தியேட்டர்களில் படம் ஓடாது. அதில் ஒரு வரி வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையே காதல், உடல் உறவு எதையும் காட்டக் கூடாது என்றது.

இப்போது ஒரு நாயகியை ஹாலிவுட் எப்படி உருவாக்கியது என்று யோசித்துப் பாருங்கள். நாயகிக்கு நாயகன் வேண்டும். கெல்லிக்குக் கேரி கிராண்ட், ஹெப்பர்னுக்கு ஹம்ஃப்ரி போகார்ட் என்று ஏற்கெனவே புகழ்பெற்ற ஆண் நட்சத்திரங்களோடு ஜோடி சேர்த்துத்தான் புது நடிகைகளை உயர்த்தினார்கள். டாண்ட்ரிட்ஜுக்கு அந்த வழி விதியாலேயே மூடப்பட்டிருந்தது. கறுப்பின நாயகர்களோடு நடிக்கலாம்; ஆனால் அப்படி எத்தனை பேர் இருந்தார்கள்? பெலஃபான்டே, சிட்னி பொய்ட்டியர். பொய்ட்டியருக்கே திரையில் காதல் காட்சி தரத் தயங்கிய காலம் அது. முழுக்கக் கறுப்பின நடிகர்களை வைத்துப் பெரிய ஸ்டூடியோக்கள் எடுத்த படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை: 1929இல் 'ஹல்லெலூயா', 1936இல் 'தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்', 1943இல் 'கேபின் இன் தி ஸ்கை', 'ஸ்டார்மி வெதர்', அப்புறம் 1954இல் 'கார்மென் ஜோன்ஸ்'. அடுத்தது வரும் வரை ஒரு நடிகை காத்திருந்தால் அவருடைய இளமை போய்விடும்.

விதிக்குப் பின்னால் இருந்த கணக்கு தென் மாநிலத் தியேட்டர்கள். மெம்ஃபிஸ் நகரத் தணிக்கைக் குழுத் தலைவர் லாய்ட் பின்ஃபோர்ட் போன்றவர்கள் கறுப்பினக் கலைஞர்கள் மதிப்போடு தோன்றும் காட்சிகளை வெட்டியெறிவதில் பேர்போனவர்கள். ஸ்டூடியோக்கள் இதை எதிர்க்கவில்லை, வசதி செய்துகொடுத்தன. எம்ஜிஎம்மின் பாடகி லீனா ஹார்ன் வரும் பாடல்களைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுத்தார்கள், தெற்கே அனுப்பும் பிரதியில் சுலபமாக நீக்கிவிடலாம் என்பதற்காக. 'சன் வேலி செரினேட்' காட்சியும் அதே பாணியில் அமைந்ததுதான்.

இன்னும் கசப்பானது வேறொன்று. கறுப்பின வம்சத்தில் பிறந்து வெள்ளையராகத் தோன்றும் பெண்ணின் கதையை எடுத்தபோதுகூட அந்த வேடம் வெள்ளை நடிகைக்கே போனது. 1949இல் வந்த 'பிங்கி' படத்தில் ஜீன் கிரெய்ன். 1951இல் வந்த 'ஷோ போட்' படத்தில் ஏவா கார்ட்னர். நாயகனை முத்தமிடப்போவது உண்மையில் வெள்ளைப் பெண்தான் என்று ரசிகருக்குத் தெரிந்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற கணக்கு. ஒரு கறுப்பின நடிகைக்கென்றே எழுதப்பட்டது போன்ற பாத்திரம்கூடக் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

காலமும் மோசமாக அமைந்தது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1954 மே மாதத்தில். மிசிசிப்பியில் 14 வயது எம்மெட் டில் கொல்லப்பட்டது 1955 ஆகஸ்டில். மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கியது அதே டிசம்பரில். தெற்கின் வெள்ளையர் எதிர்ப்பு இறுகிக்கொண்டிருந்த அந்த மாதங்களில்தான் ஃபாக்ஸ் தன் புது நாயகிக்குக் கதை தேட வேண்டியிருந்தது. ஸ்டூடியோ தயங்கியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் தயங்கியவர்கள் யாரும் அதற்காக எதையும் இழக்கவில்லை, இழந்தவர் அவர் ஒருவர்தான்.

'தி கிங் அண்ட் ஐ' படத்தில் டப்டிம் வேடத்தை அவர் மறுத்தது பெரிய தவறு என்று சொல்வது வழக்கம். அரசனுக்குப் பரிசாக அனுப்பப்பட்ட அடிமைப் பெண், துணைப் பாத்திரம். நாயகியாக ஆஸ்கர் பட்டியலில் ஏறிய பிறகு அடிமை வேடத்துக்கு இறங்கக் கூடாது என்று பிரெமிங்கர் சொன்னார். அப்போது இருவரும் காதலித்துக்கொண்டிருந்தார்கள். அவர் பேச்சைக் கேட்டதற்காக டாண்ட்ரிட்ஜ் பின்னாளில் வருந்தினார். வேடம் ரீட்டா மொரேனோவுக்குப் போனது. எனக்கோ அந்த முடிவைத் தவறு என்று சொல்ல மனம் வரவில்லை. நாயகி நிலையில் நிற்க நினைத்த எந்த நடிகையும் செய்வதைத்தான் அவர் செய்தார். மற்ற நடிகைகள் ஒன்றை மறுத்தால் இன்னொன்று வரும். அவருக்கு இன்னொன்று வரவில்லை.

1956 டிசம்பரில் விதித்தொகுப்பைத் திருத்தியபோது அந்த வரி நீக்கப்பட்டது. 1957இல் ஸானுக் தயாரித்த 'ஐலண்ட் இன் தி சன்' வந்தது. கரீபியத் தீவுக் கதை. டாண்ட்ரிட்ஜுக்கு ஜான் ஜஸ்டின் ஜோடி, பெலஃபான்டேக்கு ஜோன் ஃபான்டெய்ன். இரண்டு கலப்பு ஜோடிகள், விதி போய்விட்டது, ஆனாலும் முத்தம் இல்லை. அணைத்துக்கொள்கிறார்கள், ஏக்கத்தோடு பார்க்கிறார்கள், வசனம் சுற்றிச் சுற்றி வருகிறது. இதற்கே தென் கரோலினா சட்டமன்றத்தில், படத்தைத் திரையிடும் தியேட்டருக்கு 5,000 டாலர் அபராதம் போடலாமா என்று யோசித்தார்கள். எழுத்தில் இருந்த தடை போனாலும் பழக்கத்தில் இருந்தது போகவில்லை.

அதனால் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். அமெரிக்காவில் கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கி வைக்கப்பட்டு பிரான்சில் குடியேறியிருந்த ஜான் பெர்ரி இயக்கிய 'டமாங்கோ', அடிமைக் கப்பல் கதை. கப்பல் தலைவனாக குர்த் யூர்கென்ஸ். காதல் காட்சிகளைப் பிரெஞ்சுப் பதிப்புக்கு ஒரு மாதிரியும் ஆங்கிலப் பதிப்புக்கு அடக்கி இன்னொரு மாதிரியும் எடுத்தார்கள். ஒரே நடிகை, ஒரே காட்சி, எந்த நாட்டில் டிக்கெட் விற்கிறது என்பதைப் பொறுத்து முத்தம் இருக்கும் அல்லது இருக்காது.

1957 ஆகஸ்டில் நடந்த கான்ஃபிடென்ஷியல் இதழ் வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை விற்றுப் பிழைத்த இதழ் அது. 1950இல் லேக் டாஹோவில் ஒரு வெள்ளை இசைக்குழுத் தலைவருடன் டாண்ட்ரிட்ஜ் காட்டுக்குள் போனதாக எழுதியிருந்தது. பெரிய நட்சத்திரங்கள் பலர் சாட்சி சொல்லப் பயந்து ஒதுங்கினார்கள். மொரீன் ஓஹாராவும் டாண்ட்ரிட்ஜும் துணிந்து கூண்டேறினார்கள். அப்படி நடக்கவே இல்லை என்றார் டாண்ட்ரிட்ஜ். நிறப் பிரிவினை இருந்த அந்த ஊரில், தான் விரும்பிய இடத்துக்கு நடந்துபோகவே தனக்கு முடியாது என்பதையும் சொன்னார். தன்னை ஒடுக்கிய அதே ஏற்பாட்டைத் தன் பக்கச் சாட்சியாக நிறுத்த வேண்டியிருந்தது அவருக்கு. அதற்கு முன்பே அந்த இதழிடமிருந்து 10,000 டாலர் இழப்பீடும் வாங்கியிருந்தார்.

1959இல் சாமுவேல் கோல்ட்வின் தயாரித்த 'போர்கி அண்ட் பெஸ்'. படப்பிடிப்பு தொடங்கும் முன் அரங்கம் தீயில் எரிந்தது, இயக்குநர் ரூபன் மமூலியன் நீக்கப்பட்டு பிரெமிங்கர் வந்தார். அதற்குள் பிரெமிங்கருடனான உறவு முறிந்திருந்தது. படப்பிடிப்பில் அவர் கடுமையாக நடந்துகொண்டதை உடன் நடித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கறுப்பின மக்களைச் சூதாட்டம், போதை, சண்டை என்று காட்டும் கதை என்பதால் கறுப்பினக் கலைஞர்களுக்கே அதில் மனம் ஒப்பவில்லை, பெலஃபான்டே போர்கி வேடத்தை மறுத்தார், பொய்ட்டியர் அரைமனதோடு ஒப்புக்கொண்டார். டாண்ட்ரிட்ஜின் பெஸ்ஸுக்கு கோல்டன் குளோப் பரிந்துரை கிடைத்தது. 1960இல் ட்ரெவர் ஹோவர்டுடன் 'மலாகா'. அதோடு திரைப்படங்கள் நின்றன.

கடைசி ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1959இல் ஜாக் டெனிசன் என்ற உணவகக்காரரை மணந்தார், 1962இல் பிரிந்தார். எண்ணெய்க் கிணறு முதலீட்டில் சேமிப்பு கரைந்தது. 1963இல் திவாலானார். மகளின் தனியார் பராமரிப்புக்குப் பணம் கட்ட முடியாமல் அரசு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. 1965 செப்டம்பர் 8 அன்று வெஸ்ட் ஹாலிவுட்டில் தன் அடுக்ககத்தில் இறந்துகிடந்தார். மனச்சோர்வு மருந்து அளவுக்கு மீறியதே காரணம் என்றும், சில நாள் முன்பு முறிந்த பாத எலும்பிலிருந்து கிளம்பிய கொழுப்பு அடைப்பு காரணம் என்றும் இரண்டு மருத்துவ முடிவுகள் உண்டு. நியூயார்க்கில் மறுபடி பாட ஒப்புக்கொண்டிருந்த நேரம் அது.

கலப்புத் திருமணத் தடைச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1967இல். சிறந்த நடிகைப் பட்டியலில் மறுபடி கறுப்பினப் பெண்கள் வந்தது 1972ஆம் ஆண்டுப் படங்களுக்கு: டயானா ராஸ், சிசிலி டைசன். பதினெட்டு ஆண்டு இடைவெளி. ஹாலி பெர்ரி அந்த விருதை முதல் கறுப்பினப் பெண்ணாக வாங்கியது 2002இல். மேடையில் முதலில் சொன்ன பெயர்களில் ஒன்று டாண்ட்ரிட்ஜ். அதற்கு மூன்று ஆண்டு முன்பு ஹெச்பிஓ தொலைக்காட்சி எடுத்த படத்தில் டாண்ட்ரிட்ஜாக நடித்தவரும் பெர்ரிதான்.

அவருடைய நடிப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் 'பிரைட் ரோடு' படத்தில் தொடங்குங்கள் என்பேன், பிறகு 'கார்மென் ஜோன்ஸ்'. பின்னது 1992லேயே அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 'போர்கி அண்ட் பெஸ்' 2011இல் அதே பதிவேட்டில் இடம்பெற்றும், உரிமைச் சிக்கல்களால் நல்ல பிரதி இன்னமும் சுலபமாகக் கிடைப்பதில்லை. எங்காவது திரையிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் தவறவிடாதீர்கள்.